கொள்ளிடம் வற்றும் மாதமும் பணம் வரும் மாதமும்: ஒரு காட்டுயிர் மாணவியின் உதவித்தொகைக் கணக்கு

சாதாரண கோடு போட்ட நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் நீர்நாய்: தேதி, நேரம், எந்தக் கரை, எச்சம் ஈரமா காய்ந்ததா, பக்கத்தில் கால்தடம் உண்டா. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் பணம்: பெட்ரோல், பேட்டரி, பெரியப்பாவுக்குக் கூலி, ஜெராக்ஸ். இரண்டு கணக்கும் ஏப்ரல் மாதத்தில் நின்றுபோகின்றன. நடுவில் முப்பது பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த வெள்ளைப் பக்கங்கள் எப்படி வந்தன என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நோட்டுக்குச் சொந்தக்காரி காவிரி டெல்டாவில் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் முடித்த மாணவி. பெயரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். எழுதலாம் என்று அவள் சம்மதம் சொன்னது அந்த நிபந்தனையின் பேரில்தான். நான் அதே படிப்பைச் சில ஆண்டுகள் முன்னால் முடித்தவன். ஜூனியர்கள் உதவித்தொகை விண்ணப்பம் போடும்போது போன் செய்வார்கள், கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பேன். இதுவரை எத்தனையோ விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆகிப் பார்த்திருக்கிறேன். இவளுடையது தள்ளுபடி ஆகவில்லை. தகுதி இருந்தது, பணம் ஒப்புதலானது, வந்தும் சேர்ந்தது. ஆனாலும் அவள் ஆய்வை அது காப்பாற்றவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

யார், எங்கிருந்து

தமிழ்நாட்டில் காட்டுயிர் உயிரியலைத் தனிப் பட்டமாகப் படிக்க இடங்கள் குறைவு. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணலாம். மாநிலத்தைத் தாண்டினால் டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.). இந்த இரண்டும் நுழைவுத் தேர்வு வைத்துச் சிலரை மட்டும் எடுப்பவை. மற்றவர்கள் விலங்கியல் படித்துவிட்டுக் காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர்கள்.

இவள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா நாற்று நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டில் இருக்கும்போது, 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். திட்டத்தின் முழுப்பெயரில் இருக்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் மூவலூர், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவதாக அவள் சொல்வாள், பாதி விளையாட்டாக.

ஒன்பது மாதம் வாங்கினாள். ஒன்பதாயிரத்தையும் தொடாமல் வைத்திருந்து, ஐந்நூறு ரூபாய் கூடப் போட்டு, எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் ஒன்று வாங்கினாள். இந்தக் கணக்கு முழுவதிலும் நேரத்துக்கு வந்து, நினைத்த காரியத்துக்கே செலவான ஒரே அரசுப் பணம் அதுதான். ஆனால் அந்தத் திட்டம் முதல் பட்டத்தோடு முடிகிறது. முதுகலைக்கு நீளாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதை யாரும் உதவித்தொகை என்று எண்ணுவதில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டு வருடம் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்த பஸ் செலவு அவள் நோட்டில் பூஜ்யம். ஹாஸ்டலுக்குக் கட்டியிருக்க வேண்டிய தொகையை நினைத்துப் பார்த்தால், அவள் முதுகலை படித்ததே அந்த பஸ்ஸால்தான் என்று தோன்றும்.

ஆற்றின் காலண்டர்

டிஸர்டேஷன், அதாவது கடைசி செமஸ்டர் ஆய்வேட்டின் தலைப்பு நீர்நாய். மருத நிலத்துச் சங்கப் பாடல்களில் வாளை மீனைக் காலையிரையாகப் பிடிக்கும் அதே விலங்கு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் இன்றைக்கும் இருக்கிறது. உலக அளவில் அழிவுக்கு ஆளாகக்கூடியது என்ற பட்டியலில் உள்ள இனம். 2019-ல் சர்வதேச வணிகத் தடையின் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது.

தலைப்பை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பதிலும் பணம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்து கைக்கு வருவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும் என்று எல்லாருக்கும் ஒரு பயம். ஜீப் வாடகை, காட்டுக்குள் தங்குமிடம் எல்லாம் வேறு. அதனால் கோடியக்கரையில் வெளிமான் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கடைசியில் ஏரியில் கொக்கு எண்ணுவார்கள், வயலில் தவளை எண்ணுவார்கள், புளியமரத்தில் தொங்கும் பழந்தின்னி வவ்வால் எண்ணுவார்கள். தப்பில்லை, நல்ல ஆய்வுகள் அதிலும் வந்திருக்கின்றன. ஆனால் எந்த விலங்கைப் படிப்பது என்பதைப் பல சமயம் விலங்கியல் தீர்மானிப்பதில்லை, பர்ஸ் தீர்மானிக்கிறது. கொள்ளிடக் கரை சரணாலயம் இல்லை, வீட்டிலிருந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போகிற தூரம். நீர்நாய் அப்படித்தான் அமைந்தது.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. நடுவில் வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் ஓடும் மாதங்களில் கொள்ளிடத்தில் நீர்நாய் தேடுவது வீண் வேலை. எச்சம் போட்ட மணல்திட்டே தண்ணீருக்குள் இருக்கும். அணை மூடி, தண்ணீர் வடிந்து, திட்டுகள் தலைகாட்டும் பிப்ரவரியில்தான் வேலை தொடங்கும். மே கடைசியில் மறுபடி யாருக்கும் உறுதியில்லை. ஆக வருடத்தில் நான்கு மாதம். எம்.எஸ்சி. நான்காம் செமஸ்டரும் அதே நான்கு மாதம்தான். இதைவிடப் பொருத்தமாக ஆறும் பாடத்திட்டமும் அமைவது அபூர்வம்.

ஆற்றை ஒரு கிலோமீட்டர் நீளத் துண்டுகளாக இருபதாகப் பிரித்தாள். ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை நடக்க வேண்டும், மொத்தம் அறுபது நடை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறி மணல் காய்வதற்குள் முடிக்க வேண்டும். காய்ந்தால் கால்தட விளிம்பு உதிர்ந்துவிடும், அப்புறம் அது நீர்நாயா நாட்டு நாயா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நீர்நாய்க் கூட்டம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சம் போடும். பக்கத்தில் போகும்போதே கருவாட்டு வாடை அடிக்கும், குச்சியால் கிளறினால் மீன் செதில் மினுங்கும். அதை ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, வீட்டு மொட்டைமாடியில் காயவைத்து, சல்லடையில் கழுவிச் செதிலைத் தனியாக எடுத்தால் என்ன மீன் தின்றது என்று சொல்லலாம். மொட்டைமாடியில் இருபத்தேழு ஜிப் கவர் காய்ந்த நாளில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "என்னடி இது, ஆத்தா வீட்டுக்குள்ள விடுதா உன்னை?" என்று கேட்டதாக நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

தனியாக நடக்கக் கூடாது என்பது கைடின் உத்தரவு. சரிதான், இடுப்பளவு புதைமணல் எங்கே இருக்கிறது என்று மீன்பிடிக்கிறவருக்குத்தான் தெரியும். அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு பெரியப்பா வலை வீசுகிறவர். நாள் கூலி நானூறு என்று பேசிக்கொண்டார்கள். சொந்தமாச்சே, சும்மா வரக்கூடாதா என்று கேட்டவர்களுக்கு அவளே பதில் சொன்னாள்: அவர் என்னோடு நடக்கிற காலையில் வலை போடமாட்டார், அந்த மீன் காசு யார் கொடுப்பது?

பின்பக்கக் கணக்கு

நோட்டின் பின்பக்கத்தைக் கூட்டினால் ஐம்பதாயிரத்து நானூறு ரூபாய். பைனாகுலர் 9,500. பெரியப்பாவுக்கு நாற்பது நாள் கூலி 16,000. பெட்ரோல் 8,400. கரையோர ஊரில் சாமான் வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் ஓர் அறை, மாதம் 1,500 வீதம் நான்கு மாதம். விலங்கு குறுக்கே போனால் தானே படமெடுக்கும் கேமரா ட்ராப் இரண்டு ஒரு சீனியரிடம் இரவல், ஆனால் பேட்டரி இரவல் கிடைக்காது, அதற்கு 4,800. காலிப்பர், சல்லடை, கவர் 2,200. பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட 3,500.

வந்த வழி: புதுமைப்பெண் 9,000. அம்மாவின் தோடும் மூக்குத்தியும் ஒரு சங்கிலியும் அடகு வைத்து 30,000. சீனியர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வசூல் செய்தது 10,000. கையிருப்பு 1,400.

இந்த வரவுப் பட்டியலில் முதுகலை உதவித்தொகை என்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் விண்ணப்பிக்காமல் இல்லை.

படிவத்தின் காலண்டர்

எந்த உதவித்தொகை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நடந்ததில் எந்த ஒரு திட்டத்தின் குற்றமும் தனியாக இல்லை, இது எந்தத் திட்டத்திலும் நடக்கக்கூடியதுதான்.

2024 அக்டோபரில் இணையத்தில் விண்ணப்பம் போட்டாள். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் பத்து நாளில் கிடைத்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால். அதைச் சரிசெய்ய ஒரு வாரம். மாணவர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது, கல்லூரியில் இதற்கென்று இருக்கும் நோடல் ஆபீசர் தன் லாகினில் நுழைந்து சரிபார்த்து அனுப்ப வேண்டும். அங்கே ஓர் எளிய சிக்கல். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். லாகின் செய்தால் ஓ.டி.பி. அவர் செல்லுக்குப் போகிறது. அவருக்குப் போன் போட்டால் அவர் வகுப்பில் இருக்கிறார். வகுப்பு முடிந்து அவர் எண்ணைச் சொல்வதற்குள் பத்து நிமிடம் தாண்டி ஓ.டி.பி. காலாவதி. இப்படி மூன்று நாள். புதியவரின் எண்ணை மாற்ற வேண்டுமானால் அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து. முதல் கடைசித் தேதி போயேபோய்விட்டது. நல்லவேளையாகத் தேதி நீட்டினார்கள், ஜனவரியில் விண்ணப்பம் கல்லூரியைத் தாண்டியது. யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அந்த நோடல் ஆபீசர் வாரம் பதினாறு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இருநூறு விண்ணப்பம் பார்க்கிறவர்.

மார்ச் கடைசி வாரம். நிதியாண்டு முடிகிற நேரம், எல்லாத் திட்டத்திலும் பணம் நகரும். அன்று காலை நடை முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பணம் போட்டாச்சுன்னு காட்டுது."

"நல்லதும்மா. எவ்வளவு?"

"எவ்வளவுன்னு தெரியல. எந்த பேங்க்லன்னே தெரியல."

விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்த வங்கிக் கணக்கு ஒன்று. பணம் போனது வேறொன்றுக்கு. நேரடிப் பணப் பரிமாற்றத்தில் ஆதார் வழியாகப் பணம் அனுப்பும்போது, படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறது என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் (என்.பி.சி.ஐ.) வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்த்து அந்த வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். இவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தொடங்கிய கணக்கு ஒன்று உண்டு. பாஸ்புக் எங்கே என்று அம்மாவுக்கும் நினைவில்லை. பைனாகுலர் வாங்கிய புதுமைப்பெண் பணம் புதிய கணக்கில் வந்ததே என்று கேட்கலாம். நடுவில் கேஸ் மானியத்துக்காக யாரோ எங்கேயோ கைரேகை வைக்கச் சொல்ல, இணைப்பு பழைய வங்கிக்கே திரும்பியிருந்தது. அந்தக் கணக்கு பல ஆண்டு வரவு செலவு இல்லாமல், கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் முடங்கிக் கிடந்தது. பணம் உள்ளே போகாமல் திரும்பிவிட்டது.

திரும்பிய பணம் மறுபடி எப்போது வரும்? அடுத்த தொகுப்பில். அடுத்த தொகுப்பு எப்போது? அதற்கு யாரிடமும் தேதி கிடையாது. ஏப்ரலில் இரண்டு நாள் நடையை விட்டுவிட்டு வங்கியில் நின்றாள். கணக்கு உயிர்பெற்றது. பணம் வரவில்லை.

வெள்ளைப் பக்கங்கள்

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அடகுப் பணம் தீர்ந்தது. அதுவரை முதல் சுற்றில் இருபது துண்டும், இரண்டாம் சுற்றில் பதின்மூன்று துண்டும் நடந்திருந்தாள். பெரியப்பாவுக்கு நாற்பதாவது நாள் கூலி கொடுத்த அன்று நோட்டு நின்றது. இரண்டாம் சுற்றில் மீதம் ஏழு, மூன்றாம் சுற்று முழுவதும் நடக்கவே இல்லை. கேமராக்களை பேட்டரி போனபின் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பார்க்கிறவர்களுக்கு இது சின்ன இழப்பாகத் தெரியும். முப்பத்து மூன்று நடை நடந்திருக்கிறாளே, எச்சம் கிடைத்திருக்கிறதே, போதாதா? போதாது. ஏன் என்று விளக்காவிட்டால் இந்தக் கதைக்கே பொருள் இல்லை.

ஒரு துண்டில் நடந்து போகிறீர்கள், நீர்நாய் அடையாளம் எதுவும் இல்லை. அங்கே நீர்நாய் இல்லை என்று எழுதலாமா? முந்தின நாள் மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் மணலை மிதித்திருக்கலாம். காற்று தடத்தை மூடியிருக்கலாம். உங்கள் கண் தவறவிட்டிருக்கலாம். 'இல்லை' என்பதும் 'தென்படவில்லை' என்பதும் வேறு வேறு. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. முதல் முறை தென்பட்டு, இரண்டாம் முறை தென்படாமல், மூன்றாம் முறை மறுபடி தென்பட்டால், இருந்தும் எத்தனை தடவை நம் கண்ணுக்குத் தப்புகிறது என்று கணக்குப் போடலாம். ஆக்குபன்சி என்று துறையில் சொல்வது இதைத்தான். மூன்றாம் சுற்று இல்லாமல், இரண்டாம் சுற்றும் அரைகுறையாக நின்றதால், அவளால் அந்தக் கணக்கை நம்பிக்கையோடு போட முடியவில்லை. கடைசியில் ஆய்வேட்டில் வந்தது, எந்தத் துண்டில் எத்தனை எச்சம் என்ற வரைபடமும், என்ன மீன் தின்றது என்ற அட்டவணையும். அட்டவணை அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அவள் எழுத நினைத்தது, மணல் அள்ளிய துண்டுகளில் நீர்நாய் குறைகிறதா என்ற கேள்விக்கான பதில். அதற்கு இப்போது அவளிடம் அபிப்பிராயம் இருக்கிறது, ஆதாரம் இல்லை.

மே மாதம் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். ஜூலை முதல் வாரம், கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு, உதவித்தொகை மொத்தமாக அவள் கணக்கில் வந்து விழுந்தது. நகையை மீட்டார்கள். வட்டி போக மிச்சத்தில் வீட்டுக் கூரைக்கு நான்கு தகரம்.

ஆகஸ்டில் ஒரு பிஎச்.டி. நேர்காணல். ஆய்வேட்டைப் புரட்டிய ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மூன்று தடவை திட்டமிட்டுவிட்டு ஒன்றரைத் தடவை நடந்தீர்கள்?" பணம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எந்தப் பணம் யாருக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி, துறையில் என்னென்ன பணம் இருக்கிறது என்று பார்த்தால் அவள் விழுந்த பள்ளம் எங்கே என்று தெரியும்.

இளங்கலைக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 60,000 கையில், 20,000 கோடை ஆய்வுப் பயிற்சிக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தின் மேல்தட்டு ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும். அடிப்படை அறிவியல் என்று அவர்கள் வைத்திருக்கும் பாடப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல் உண்டு. காட்டுயிர் உயிரியல் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆகவே பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். விலங்கியல் என்று சான்றிதழில் இருப்பவருக்குத் திறக்கும் சில கதவுகள், அதைவிடப் பொருத்தமாகப் படித்தவருக்குத் திறப்பதில்லை.

முதுகலைக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகை மாதம் 15,000 வீதம், ஆண்டுக்குப் பத்து மாதம். நாடு முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 10,000 இடங்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட்மெட்ரிக் உதவி தனியே இருக்கிறது, வருமான வரம்போடு. இவையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதற்கான பணம். கட்டணம், சாப்பாடு, அறை.

அதற்கு மேலே ஜே.ஆர்.எஃப்., அதாவது தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) தேறி பிஎச்.டி. செய்கிறவருக்கு மாதாமாதம் வரும் ஆய்வு உதவித்தொகை. 2018-19-ல் ஆய்வு மாணவர்கள் நாடெங்கும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 25,000 என்பது 31,000 ஆனது. 2023 ஜனவரி 1 முதல் 37,000. இரண்டு ஆண்டு கழித்து, மூத்த ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். 42,000. வீட்டு வாடகைப்படி வேறு. டெல்டாவில் ஒரு குடும்பம் தாராளமாக நடக்கும் பணம் இது. பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய ஃபெலோஷிப் தனியே உண்டு. நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது.

ஆனால் ஜே.ஆர்.எஃப். தேர்வு காட்டைப் பற்றிக் கேட்பது கொஞ்சம்தான். அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) பெயரிலுள்ள நெட்டில், உயிர் அறிவியல் தாளில் பதின்மூன்று அலகுகள். சூழலியல் ஓர் அலகு, பரிணாமமும் விலங்கு நடத்தையும் ஓர் அலகு. மற்றவற்றில் பெரும்பகுதி செல், மூலக்கூறு, நொதி, நோய் எதிர்ப்பு. எச்சத்தில் செதில் பார்த்து மீன் இனம் சொல்லத் தெரிந்தவள் அங்கே டி.என்.ஏ. பழுதுபார்க்கும் வழிமுறையில் மதிப்பெண் எடுத்தாக வேண்டும். அதனால்தான் நம் ஆட்களில் பலர் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தாளுக்கு ஒதுங்குகிறார்கள். நல்ல யோசனை, நானும் அதில்தான் வந்தேன்.

இதில் வேடிக்கை எதுவென்றால், அந்த 37,000 கிடைத்த பிறகும் களப்பணிக்கென்று தனியாகக் கிடைப்பது சொற்பம். யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்.பில் அறிவியல் பாடத்துக்குச் சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டு 12,000 வீதம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. வாடகை ஜீப்புக்கு ஒரு வாரம் தாங்காது. சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவருக்குத் துறையே கண்ணாடிக் குடுவை வாங்கித் தரும். காட்டில் வேலை செய்கிறவரின் சோதனைக்கூடம் ஆறு, அதற்குப் பெட்ரோல் போட்டுப் போக வேண்டும். இந்த வித்தியாசம் விதிமுறை எழுதுகிறவர்களின் நினைவுக்கு வந்ததாகவே தெரியவில்லை.

களத்துக்கென்றே பணம் தருகிறவர்கள் அறக்கட்டளைகள்தான். கோவையிலுள்ள சலீம் அலி பறவையியல் மையமான சாகோனின் இயக்குநராக இருந்து 2009 ஜனவரியில் நாற்பத்தைந்து வயதில் இறந்துபோன ரவி சங்கரன் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து நடக்கும் திட்டம் ஒன்று. வெளிநாட்டு முதுகலை, நிறுவனங்களில் பயிற்சி, சிறு ஆய்வு நிதி என்று மூன்று வகை. வரகுக்கோழி என்ற புல்வெளிப் பறவை ஆடுவதைப் பார்க்க வெயிலில் பல ஆண்டு கிடந்த மனிதர் பெயரில் பயிற்சி நிதி இருப்பது பொருத்தம். இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளை சிறு நிதி தருகிறது, சில ஆயிரம் பவுண்டு; மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும்; வெறும் பட்ட ஆய்வாக இல்லாமல் பாதுகாப்புக்கு என்ன பயன் என்று காட்ட வேண்டும். முதல் பட்டதாரி ஒருவருக்கு, ஆங்கிலத்தில் எழுதி, மூன்று பேர் பெயர் கொடுத்து, இதை வாங்குவது இமயமலை. நீர்நாய்க்காரிக்குக் கைடு ஒருவர் இருந்தார், நான் இருந்தேன், மூன்றாவது ஆள் யார் என்று யோசித்தே ஒரு மாதம் ஓடியது.

ஆக, வகுப்பில் உட்கார்ந்திருக்கப் பணம் இருக்கிறது, பிஎச்.டி. சேர்ந்தபின் பணம் இருக்கிறது. நடுவில் ஆற்றில் இறங்கும் அந்த நான்கு மாதத்துக்கென்று யாரும் பணம் வைக்கவில்லை. ஜே.ஆர்.எஃப். வாங்கவும் பிஎச்.டி. இடம் பிடிக்கவும் காட்டிக்கொள்ள வேண்டியது அந்த நான்கு மாத வேலையைத்தான்.

இது புதிய பழக்கமும் இல்லை. பறவையியலாளர் சலீம் அலி பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் அரசு வேலை கிடைக்காமல் இருந்தவர். 1930-களில் ஐதராபாத் சமஸ்தானத்தில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும்போது அவர் வைத்த யோசனை, சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்பது. அவருக்கு அது நடந்தது. பின்னாளில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான கெட்டி பரிசாகக் கிடைத்த பணத்தைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பாதுகாப்பு நிதியாகப் போட்டவரும் அவரே. நாங்குநேரியில் பிறந்து சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்தது 1976 முதல் 1978 வரை, இந்தியக் காட்டுயிர் நிறுவனம் என்ற ஒன்றே அப்போது இல்லை, அது 1982-ல் வந்தது. பெரியவர்களின் கதையைச் சொல்லி, பார், அவர்களெல்லாம் பணமா கேட்டார்கள் என்று மாணவர்களிடம் கேட்பவர்கள் உண்டு. சம்பளம் வேண்டாம் என்றவர்கூட செலவைக் கேட்டார் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இன்றைக்குப் பல இடங்களில் இன்டர்ன்ஷிப் என்றால் சோறும் படுக்க இடமும். சொந்தப் பணத்தில் ரயில் ஏறி வர முடிகிறவர் மட்டும் அனுபவம் பெறுகிறார், அனுபவம் பெற்றவர் மட்டும் அடுத்த இடத்துக்குத் தேர்வாகிறார்.

என்ன செய்திருக்கலாம்

அவளும் நானும் உட்கார்ந்து பேசியதில், எங்கள் கையில் இருந்ததை நாங்கள் கோட்டைவிட்டது ஒன்றே ஒன்று. வங்கி இணைப்பைப் பார்க்காதது. செல்லில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று வந்துவிடும். ஆதார் இணையதளத்திலும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. அதை அக்டோபரில் செய்திருந்தால் மார்ச் கடைசியில் பணம் வந்திருக்கும், ஏப்ரல் முழுக்க நடந்திருக்கலாம். மூன்றாம் சுற்று கிட்டத்தட்ட முடிந்திருக்கும். இப்போது யார் போன் செய்தாலும் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறேன்.

கல்லூரிப் பக்கம் செய்ய வேண்டியது, பொறுப்பு மாறும் நாளிலேயே போன் எண்ணையும் மாற்றுவது. துறை செய்யக்கூடியது இன்னொன்று உண்டு: முன்பணம். வரவேண்டிய உதவித்தொகை ஒப்புதலாகிவிட்டது என்று திரையில் தெரிகிறபோது, ஓர் இருபதாயிரத்தை முன்னாள் மாணவர் நிதியிலிருந்து பிப்ரவரியில் கொடுத்து, பணம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வட்டிக்கடை செய்த வேலையை வட்டியில்லாமல் செய்வதுதான், பெரிய தத்துவமில்லை. எங்கள் சீனியர் குழுவில் இதை ஆரம்பித்திருக்கிறோம். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு. கடன் வாங்கத் தகுதி ஒன்றுதான்: களப்பணி எந்த மாதம், ஏன் அந்த மாதம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

இலவச அறிவுரையாக இன்னொன்று சொன்னேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. இருபது துண்டுக்குப் பதில் பத்துத் துண்டு எடுத்து மூன்று முறை நடந்திருக்கலாம் என்றேன், முப்பது நடையோடு முடிந்திருக்கும். "முன்னாடியே பணம் நிக்கும்னு தெரிஞ்சிருந்தா பத்துதான் எடுத்திருப்பேன் அண்ணே" என்றாள். நியாயம்தான்.

இப்போது ஒரு திட்டத்தில் உதவியாளராக மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கிறாள். ஜூனில் எழுதிய நெட்டில் ஜே.ஆர்.எஃப். வரவில்லை, டிசம்பருக்குத் திரும்பப் படிக்கிறாள். சம்பளம் வருகிறது, அதில் மாதம் ஆயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். பிப்ரவரியில் பதினைந்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போகிறாளாம். பெரியப்பாவிடம் சொல்லியாயிற்று. விட்ட ஏழு துண்டையும் முதலில் நடக்க வேண்டும் என்கிறாள். அந்தப் பழைய நோட்டையே எடுத்து வைத்திருக்கிறாள், நடுவில் பக்கம் இருக்கிறதே.